சந்தனம் பூசிய பத்திரம்

போஸ்ட்மாஸ்டர் அந்தப் பத்திரத்தை இரண்டு விரலால் தூக்கி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஏம்மா, இது சேமிப்புப் பத்திரமா, கோயில் பிரசாதமா?" என்றார் என்னிடம்.

வந்த சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சிரிக்கிற நேரமா அது? அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் என் வேலை நிலைக்குமா, போகுமா என்பது அந்த ஒரு காகிதத்தில் இருந்தது. ஆனால் என்ன செய்ய, எனக்குப் பயம் வந்தாலே கூடவே சிரிப்பும் வந்துவிடும். பிறவிக் கோளாறு.

உத்திரமேரூர் போஸ்ட் ஆபீஸ், பங்குனி வெயில். கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டது. கோந்து வாடை, சாக்குப்பை வாடை, அதோடு ஜன்னல் கம்பிக்கு வெளியே நெருக்கியடித்து நின்ற நாற்பது பேரின் வியர்வையும் கதம்ப வாசனையும். ஒரே ஒரு பத்திரம் பணமாகிறதா இல்லையா என்று பார்க்க ஆணும் பெண்ணுமாக ஓர் ஊரே டிக்கெட் எடுத்து பஸ் ஏறி வந்திருந்தது. இத்தனை பேரைப் பார்த்து மிரண்டுபோன கண்டக்டர், கல்யாணத்துக்குப் போகிறீர்களா கருமாதிக்கா என்று கேட்டார். போனால்தான் தெரியும் என்று ஒருவர் பதில் சொன்னார்.

பத்திரத்தைச் சொல்ல வேண்டுமே. நாலு மூலையிலும் சந்தனம், நகத்தின் கனத்துக்கு. அதன்மேல் குங்குமம். மேலே அச்சடித்திருந்த சிங்கங்களுக்குத் தனித்தனியாகப் பொட்டு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டணா அகலத்துக்கு ஒரு பெரிய பொட்டு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விபூதிப் பட்டை. கீழே யாரோ ஓர் அதிகாரி போட்ட கையெழுத்தின் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

டெம்பரரி சேவிகா

போன வாரம் இதே பக்கத்தில் புகையில்லா அடுப்புக் கதையை எழுதினேன் அல்லவா? படித்துவிட்டு என் மருமகள், "அத்தை, எந்தக் கதையிலும் நீங்கள் ஜெயிக்கவே மாட்டீர்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்த ரோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் கிராம சேவிகா. கோழி வளர்க்கச் சொல்வது, கக்கூஸ் கட்டச் சொல்வது, கஞ்சியில் முருங்கைக் கீரை போடச் சொல்வது என்று யாரும் கேட்காத யோசனைகளை ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் உத்தியோகம். வயது இருபத்து மூன்று. வேலை டெம்பரரி. அப்பாவுக்கு நெசவுத் தறி நின்றுபோன சமயம், வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டால் ஏழேழு ஜன்மத்துக்கும் கவலையில்லை என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஒன்றிய ஆபீஸில் மேலதிகாரி எல்லோரையும் நிற்க வைத்து இலக்கு பிரித்தார். ஆளுக்கு முப்பது சேமிப்புப் பத்திரம் விற்க வேண்டும், மார்ச் மாதக் கடைசிக்குள். ஏழு வருஷப் பத்திரம், அரசாங்கம் வட்டியோடு திருப்பித் தரும். டெம்பரரி ஆட்களில் முப்பது முடித்தவருக்கு ஆர்டர், முடிக்காதவருக்கு வணக்கம் என்று பளிச்சென்று சொல்லிவிட்டார்.

நாலு மாதத்தில் நான் விற்றது ஒன்று. வாங்கியவர் என் சித்தப்பா. அதுவும் சித்தி அழுததால்.

நோட்டுக்கே கதியில்லை

எனக்குக் கொடுத்திருந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பிற்பாடு அங்கேயே எனக்குச் சம்பந்தி வீடு அமைந்துவிட்டது, எதற்கு வம்பு. ஏரிக்கரையைத் தாண்டி நாலு மைல், நல்ல நெல் விளையும் ஊர். சாயங்காலமானால் ஆண்கள் எல்லோரும் ரைஸ் மில் வாசலில் கூடுவார்கள். பத்திரம் வாங்க எழுதிக் கொடுக்கும் பாரக் கட்டோடு நானும் அங்கே போய் நிற்பேன்.

என் நேரத்தைப் பாருங்கள். பெரிய நோட்டெல்லாம் இனிமேல் செல்லாது என்று ரேடியோவில் சொல்லி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஊரில் ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. ஆனாலும் பீதி எல்லோருக்கும் சரிசமமாக இருந்தது. அடுத்தது நூறு ரூபாய், அதற்கடுத்தது பத்து ரூபாய் என்று வதந்தி. மண்ணெண்ணெய்க்கு க்யூ, சர்க்கரைக்கு க்யூ, அரிசி மூட்டையை ஜில்லா தாண்டி எடுத்துப் போனால் செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொண்ட ஞாபகம் வேறு. இந்த லட்சணத்தில் நான் போய், அரசாங்கத்துக்குக் கடன் கொடுங்கள் என்கிறேன்.

மில்காரர் துரைசாமி என்னை எதிரே உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"நோட்டுன்றதே கவர்மெண்ட்டு எழுதிக் குடுத்த பேப்பரு. அத்தயே செல்லாதுன்ட்டான். இப்ப நீ இன்னா சொல்ற? மிச்சம் கீற நோட்டக் குடுத்து இன்னொரு பேப்பரு வாங்கிக்கன்ற."

இதில் சிங்க முத்திரை இருக்கிறதே என்றேன். நோட்டிலும் சிங்கம்தான் இருந்தது என்றார்.

இன்னொருவர், ஒன்றியத்து பி.டி.ஓ.வைக் கூட்டி வந்து ஐயனார் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல், உடனே வாங்கிக்கொள்கிறேன் என்றார். நிஜமாகவே பி.டி.ஓ.விடம் போய்க் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

பஜாரில் துணிக்கடை பாய் ஒருவர்தான் மரியாதையாக நாஷ்டா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கடன் வாங்கினவன் இந்தத் தெருவில் இருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம், தில்லிக்கு நான் எந்த பஸ்ஸில் போய்க் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானே ஒரு பத்திரம்கூட வாங்கவில்லை. நானும் நம்பவில்லை.

எருமை போய்ப் பேப்பர் வந்தது

அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு பத்திரம் இருந்தது. அதுதான் எனக்கு எமனாக இருந்தது.

ஏகாம்பரம் என்று ஒரு சம்சாரி. வாய் திறக்காத மனுஷர். ஏழு வருஷத்துக்கு முன்னால் கிணறு கட்ட சிமெண்ட் பர்மிட் கேட்டுத் தாலுகா ஆபீஸுக்குப் போனார். கையெழுத்துப் போட வேண்டிய ஆள், முதலில் ஒரு பத்திரம் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். கையில் காசில்லை. அவர் மனைவி தனபாக்கியம் கன்றிலிருந்து வளர்த்த எருமையை ஓட்டிக்கொண்டு போய் விற்றார். எருமை போயிற்று, பத்திரம் வந்தது. சிமெண்ட் வரவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த தனபாக்கியம் ஏழு வருஷமாக நிறுத்தவில்லை. சோறு போடும்போது, "மோரு வேணுமா? போயி உன் பேப்பரக் கற" என்பாளாம். ஊரில் பிள்ளைகள்கூட அவரைப் பேப்பர்க்காரர் என்றுதான் சொல்லும். நான் எந்த வீட்டுக்குப் போனாலும், ஏகாம்பரம் மாதிரி ஆகச் சொல்கிறாயா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பத்திரத்தை அடுப்பில் போட்டுவிடுவாளோ என்ற பயத்தில் ஏகாம்பரம் அதை ஓர் அட்டையில் ஒட்டி, கண்ணாடி இல்லாத சட்டத்தில் மாட்டி, சாமி படங்களுக்கு நடுவே ஆணி அடித்துத் தொங்கவிட்டார். சாமி சுவரில் இருப்பதைத் தனபாக்கியம் தொட மாட்டாள். தொட மாட்டாள் என்றால், எரிக்க மாட்டாள். பொட்டு வைப்பாள். வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு முருகனுக்கு ஒரு பொட்டு, லட்சுமிக்கு ஒரு பொட்டு, வரிசையில் அடுத்ததாக இருக்கும் பத்திரத்துக்கும் ஒரு பொட்டு. புருஷனைத் திட்டிக்கொண்டே வைப்பாள்.

அந்தப் பத்திரத்துக்கு ஏழு வருஷம் முடிந்துவிட்டது என்று, ஊர்ப் பேச்சிலிருந்து கணக்குப் போட்டு, நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் மில் வாசலில் நின்று வாய்விட்டேன். இது பணமானால் நீங்கள் எல்லோரும் வாங்குவீர்களா? துரைசாமி ஒப்புக்கொண்டார். ஊரே ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இல்லை, பணம் வராது என்று அவ்வளவு நிச்சயம். கடைசித் தேதியன்று காலையில் பஸ் ஏறினோம். பத்திரத்தை அதற்கு முன் நான் ஒரு தடவை இறக்கிப் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. மடச்சி.

பழைய பாரம் சொன்ன சங்கதி

"நம்பர் தெரியலை, பேர் தெரியலை. இதை மெட்ராஸுக்கு அனுப்பணும்மா. ரெண்டு பேர் ஜாமீன் போடணும். ஆறு மாசம் ஆகும்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெருமூச்சு கிளம்பியது. துக்கம் இல்லை, திருப்தி. நான் சொன்னேனா இல்லையா என்று நாற்பது பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தனபாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அப்பாவின் முகம் கண்ணில் வந்து நின்றது. கவுண்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். சார், வேறு வழியே இல்லையா சார் என்று கெஞ்சினேன்.

அந்த மனிதர் சர்வீஸில் எத்தனை அழுகையைப் பார்த்திருப்பாரோ, என் அழுகைக்கு இறங்கினார். வாங்கின தேதி தெரிந்தால் பழைய பாரக் கட்டில் தேடலாம் என்றார். தேதியா, அந்த ஊரில் யாருக்கு இங்கிலீஷ் தேதி தெரியும்? ஆனால் ஏகாம்பரம் வாயைத் திறந்தார். மாசி மகத்துக்கு மறுநாள் என்றார். எருமையை ஓட்டிக்கொண்டு போகும்போது மகத்துக்குக் கடல் குளித்துவிட்டு வருகிறவர்கள் எதிரே வந்தார்களாம், அவர்களிடம் எருமையை எங்கே ஓட்டிப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

பௌர்ணமியைக் கணக்குப் பண்ணி, பரண்மேல் இருந்த கட்டை இறக்கி, தும்மித் தும்மி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார் போஸ்ட்மாஸ்டர். அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு தாளில் விரல் நின்றது. முகம் சுளித்தார்.

"விலாசம் உங்க ஊர்தான், ஆனா பத்திரம் உங்க பேர்ல இல்லையே. தனபாக்கியம்னு போட்டிருக்கு. கைநாட்டும் இருக்கு. யார் அது?"

தனபாக்கியம் மெதுவாகக் கிட்டே வந்து, எழுத்துத் தெரியாதவள், அந்தத் தாளில் இருந்த கைநாட்டை மட்டும் உற்றுப் பார்த்தாள்.

"ரேசன் கார்டுக்குன்னு சொல்லி வாங்கிக்கினு போனியே, அதுவா இது?"

ஏகாம்பரம் தலையாட்டினார்.

"எம்பேர்ல கீதுன்னு ஏன்யா சொல்லல?"

"ஏழு வருசமா நீ எங்க என்னியப் பேச வுட்ட?" என்றார் அவர்.

நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் பஜார் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். எருமை அவளுடையது என்பதால் பத்திரத்தையும் அவள் பேரிலேயே போட்டுவிட்டு, ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கியிருக்கிறார் மனுஷர். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

முக்கால் எருமை

கைரேகை ஒத்துப்போயிற்று. பணம் வந்தது. போட்டதற்குக் கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு. தனபாக்கியம் மூன்று தரம் எண்ணினாள், பிறகு நோட்டுகளை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். நான் வெற்றிப் பெருமிதத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பி, பாரக் கட்டைப் பிரித்தேன்.

துரைசாமி கையைக் காட்டித் தடுத்தார். அன்றைக்கு அந்த எருமை என்ன விலை, இன்றைக்கு அதே மாதிரி எருமை என்ன விலை என்று தனபாக்கியத்திடம் கேட்டார். அவளுக்கா தெரியாது? எருமை விலை இரண்டு மடங்காகிவிட்டிருந்தது.

"அப்ப ஒரு எருமையக் குடுத்து முக்கால் எருமை வாங்கிகீற. வால் பக்கம் வராது" என்றார் துரைசாமி.

ஏகாம்பரம் ஒருவரைத் தவிர ஆண்கள் அத்தனை பேரும் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கணக்கில் பிழையே இல்லை. பாரக் கட்டை மறுபடி கட்ட ஆரம்பித்தேன்.

தனபாக்கியம் மட்டும் கவுண்ட்டரை விட்டு நகரவில்லை.

"எம்பேர்ல போட்ட துட்ட வூட்டு ஆம்பள வந்து கேட்டா குடுப்பியா சாமி?" என்று போஸ்ட்மாஸ்டரைக் கேட்டாள்.

"கொடுக்க மாட்டேம்மா."

"குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணா?"

"கலெக்டரே வந்தாலும் கொடுக்க மாட்டேன். உங்க கைநாட்டு வேணும்."

ஜன்னலுக்கு வெளியே வளையல் சத்தம் நின்றுபோயிற்று. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி என் கையைப் பிடித்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று காதோடு கேட்டாள். ஐயோ, நாலு மாதமாக மில் வாசலில் ஆண்களிடம் போய்த் தொண்டை கிழியக் கத்தினேனே, ஒரு நாளாவது சமையல்கட்டுப் பக்கம் போய்க் கேட்டேனா? பெண்களிடம் கோழியைப் பற்றிப் பேசத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள், அதை மட்டும் பேசினேன்.

மதிய பஸ்ஸில் போன பெண்கள் மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினார்கள். பருப்பு டப்பாவில் பணம், புளிப் பானையில் பணம், மஞ்சள் துணியில் முடிந்த பணம். ஒருத்தி உலக்கை வைக்கும் மூலையில் தோண்டி எடுத்தாளாம், நோட்டில் மண். வீட்டுக்காரர்களுக்கு, கோழிக்குஞ்சு கொடுக்கிறார்கள், சேவிகாம்மா கூப்பிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அரசாங்கத்தை நம்பினீர்களா என்று கேட்டேன். அரசாங்கத்தை யார் நம்பினார்கள், எங்கள் வீட்டு ஆம்பிளை கைக்குப் போகாதே, அது போதும் என்றார்கள்.

போஸ்ட்மாஸ்டர் துவரம்பருப்பை ஊதி ஊதி நோட்டை எண்ணினார். நான் பாரம் எழுதி எழுதிக் கை வீங்கிப்போயிற்று.

ஒரு பாரம் குறைவு

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம். பாரங்களை எண்ணினேன். சித்தப்பாவையும் சேர்த்து இருபத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். இருபத்தொன்பதுதான். ஒன்று குறைந்தாலும் குறைந்ததுதான், மேலதிகாரி அப்படிப்பட்ட ஆசாமி. என் கையில் பஸ் சார்ஜ் மட்டும்தான் இருந்தது. சார், நாளைக்குக் காலையில் நானே ஒன்று வாங்கிவிடுகிறேன் என்றேன். நாளைக்கு ஏப்ரல் என்றார் போஸ்ட்மாஸ்டர்.

பகல் முழுக்க மூலையில் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தனபாக்கியம் எழுந்து வந்தாள். முக்கால் எருமையையும் கவுண்ட்டரில் வைத்தாள்.

"இத்த அப்டியே திரும்பப் போடு. அவரு பேர்ல."

எனக்கு மூச்சு வந்தது. ஏன் அவர் பேரில் என்று போஸ்ட்மாஸ்டர்தான் ஆச்சரியமாகக் கேட்டார்.

"ஏழு வருசம் நான் திட்டினேன் இல்ல? இனிமே ஏழு வருசம் அவரு திட்டட்டும்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். போஸ்ட்மாஸ்டர் பேனாவை எடுத்து, பேர் என்ன என்றார்.

இங்கேதான் வந்தது வினை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பக்கத்தில் இருப்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வழக்கப்படி நான் வாயைத் திறந்தேன். தனபாக்கியம் என் வாயைக் கையால் பொத்திவிட்டாள்.

"நீ சொல்லாத. எம்பேர அவருதான சொல்லி எழுதினாரு. நானே சொல்றேன்."

சொல்கிறேன் என்றாளே தவிர, வரவில்லை. உதடு குவிகிறது, திரும்ப மூடிக்கொள்கிறது. முகமெல்லாம் சிவந்துவிட்டது. காஞ்சிபுரத்துச் சாமி என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள், அவளை முறைத்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். கடிகாரத்தில் ஐந்தடிக்க இரண்டு நிமிஷம். போஸ்ட்மாஸ்டர் ஸ்டாம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இருபத்தெட்டுப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் பர்மனென்ட் ஆர்டர் அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது.

தனபாக்கியம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏகாம்பரம்" என்றாள்.

மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு, பஜாருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலில் தன் பேரைக் கேட்டதே இல்லை. பீடியைப் போட்டுவிட்டு, பெண்களை விலக்கிக்கொண்டு, பதறி உள்ளே ஓடி வந்தார்.

"இன்னா தனம், இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

போட்டார். அது என் முப்பதாவது பாரம்.